வானொலி நாடகத்துக்கு நிருபர் ஏன் தேவைப்பட்டார்?

1930களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம், அமெரிக்க வானொலியில் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு நிருபர் கொலைகாரனைத் துரத்திக்கொண்டிருந்தார். இன்னொரு அலைவரிசையில் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஊழல் மேயரை முதல் பக்கத்தில் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒலிப்பதிவுகள் பல இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கேட்டுவிட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எழுதுவதில் குழப்பம் அதிகம். சிலர் இவற்றைப் பழைய செய்தி ஒலிபரப்பு என்று நினைக்கிறார்கள். நம்ம ஊர் ஒலிச்சித்திரம் மாதிரி, ஏதோ ஒரு சினிமாவின் வசனத்தை வெட்டி ஒட்டியது என்பது சிலரின் எண்ணம். 'அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரனுக்கு என்ன மரியாதை பாருங்கள்' என்று உருகுகிறவர்களும் உண்டு.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை, அதனால்தான் அது அதிகம் குழப்புகிறது. பத்திரிகை மேல் இருந்த பாசத்தால் வானொலி நிருபரைக் கூப்பிடவில்லை. எதையும் காட்ட முடியாத ஓர் ஊடகத்துக்கு, வாய்விட்டுக் கேள்வி கேட்கிற ஒரு ஆள் அவசரமாகத் தேவைப்பட்டார். அந்த வேலைக்கு நிருபரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை என்பதுதான் என் கட்சி. அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

காதால் பார்ப்பது

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுகிறார். 'ஐயோ, எப்போ?' கொஞ்சம் இடைவெளி. 'எந்த ஆஸ்பத்திரி?' மறுபடி இடைவெளி. 'சரி சரி, நீ அழாதே, நான் வந்துடறேன்.' அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவரை நாம் பார்த்ததில்லை, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனாலும் அழுகிற ஒரு பெண், ஆஸ்பத்திரி வராந்தா, ஸ்ட்ரெச்சர் எல்லாம் மனதில் வந்துவிடுகின்றன. கிடைத்தவை மூன்று துண்டுகள்தான், மிச்சத்தை நாமே கட்டிக்கொண்டோம்.

வானொலி நாடகம் நிற்பது இந்தப் பழக்கத்தின் மேல். அது சினிமாவிலிருந்து படத்தைக் கழித்த மிச்சமல்ல. ஆரம்பத்திலிருந்தே காதுக்காக எழுதி, ஒலிபரப்பு அறையில் மைக் முன்னால் நடித்தது. நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி படிப்பார்கள். தாள் சரசரக்காமல் பக்கம் மாற்றுவதே ஒரு கலை. ஒரு மூலையில் ஆர்கன் வாசிப்பவரோ ஒரு சிறு இசைக்குழுவோ இருக்கும். இன்னொரு மூலையில் ஒலிக்குறிப்புக் கலைஞர். வசனமும் இசையும் தவிர்த்த மற்ற சத்தங்களுக்கெல்லாம் ஒலிக்குறிப்பு என்று பெயர்: கதவு, காலடி, துப்பாக்கி, மழை. அவருக்கு முன்னால் சட்டத்தில் பொருத்திய ஒரு சின்னக் கதவு, சரளைக்கல் நிரப்பிய தட்டு, விதவிதமான செருப்புகள் எல்லாம் இருக்கும். செல்லோபேன் தாளை மைக்குக்குப் பக்கத்தில் கசக்கினால், கேட்பவர் வீட்டில் தீ எரியும்.

அன்று பெரிய நிலையங்களில் பரவலாக இருந்த ரிப்பன் மைக், முன்னாலும் பின்னாலும் வரும் ஒலியை நன்றாக வாங்கும், பக்கவாட்டில் வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். இதை நடிகர்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பேசிக்கொண்டே பக்கவாட்டுக்கு நகர்ந்தால் போதும், பாத்திரம் அறையை விட்டு வெளியே போய்விட்டது. கிட்டே வந்து தணிந்த குரலில் பேசினால், அது ரகசியம். மேடை முழுவதும் ஓடியாடுவதற்குப் பதில் இங்கே இரண்டடி போதுமானதாக இருந்தது.

சுருக்கமாக, குரலும் சத்தமும் இசையும் மௌனமும் துண்டுகளாக வருகின்றன, காட்சியைக் கேட்பவர் கட்டிக்கொள்கிறார். ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நிருபர் கதைக்குள் நுழைவதே அந்தச் சிக்கல் வழியாகத்தான்.

யார் வாய்விட்டுச் சொல்வது?

கதவு திறப்பதை ஒலிக்குறிப்பு சொல்லிவிடும். அறைக்குள் ஒரு பெட்டி இருப்பதையும் அதன்மேல் ரத்தம் காயாமல் இருப்பதையும் எந்தச் சத்தமும் சொல்லாது. யாராவது வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இங்கேதான் மட்டமான வானொலி எழுத்து பல்லிளிக்கும். உதாரணத்துக்கு நானே எழுதிப் பார்த்த ஒரு துண்டு:

'அடடா, இது இருட்டான கிடங்கு. இடது பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன்மேல் ரத்தக்கறை! நல்லவேளை, என் கையில் டார்ச் இருக்கிறது.'

எந்த மனிதனும் தனக்குத்தானே இப்படிப் பேசிக்கொள்ள மாட்டான். இப்போது அதே கிடங்குக்கு ஒரு நிருபரையும் ஒரு காவலாளியையும் அனுப்புவோம்.

(கதவு கிறீச்சிடுகிறது. இருவரின் காலடிகள், எதிரொலியோடு.)

நிருபர்: விளக்கே கிடையாதா, பெரியவரே?

காவலாளி: எட்டு மணிக்கு மெயினை அணைத்துவிட வேண்டும், சார். முதலாளி உத்தரவு.

நிருபர்: எட்டு மணிக்கா? அப்புறம் எப்படி, பத்து மணி வரை இங்கே உட்கார்ந்து கணக்கு எழுதினேன் என்று போலீசிடம் சொன்னார்?

(மௌனம்.)

காவலாளி: அந்தப் பெட்டியைத் தொடாதீங்க, சார்.

நிருபர்: ஏன், பெயிண்ட் காயவில்லையா?

காவலாளி: அது பெயிண்ட் இல்லை, சார்.

இடம், இருட்டு, பெட்டி, ரத்தம் எல்லாம் வந்துவிட்டன. கூடவே முதலாளியின் பொய்யும் அம்பலமானது, காவலாளியின் பயமும் தெரிந்தது. ஆனால் யாரும் எதையும் வர்ணிக்கவில்லை. நிருபர் தன் பிழைப்பைப் பார்த்தார், அதாவது கேள்வி கேட்டார், கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்பவருக்குத் தெரிய வேண்டிய விவரமெல்லாம் அந்தப் பதில்களுக்குள் ஒளிந்து வந்து சேர்கிறது.

போலீஸ்காரரும் கேள்வி கேட்பார்தானே என்றால், கேட்பார். ஆனால் அவரைக் கண்டதும் எதிராளி வாயை மூடிக்கொள்வது வழக்கம். தனியார் துப்பறிவாளருக்கு வாரா வாரம் ஒரு வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்ட வேண்டும். நிருபருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இன்று மாளிகையிலும் நாளை துறைமுகக் குடிசையிலும் அவர் நிற்கலாம், 'நீ ஏன் இங்கே வந்தாய்' என்று கேட்டால் 'பத்திரிகை' என்ற ஒரு சொல்லே பதில். அச்சுக்குப் போகும் நேரம் நெருங்குவதால், கதைக்கு ஒரு கடிகாரமும் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல நாடகங்களில் காட்சிகளுக்கு நடுவே ஒரு குரல் 'நான் அங்கே போனேன், அவள் சிரித்தாள்' என்று இட்டு நிரப்பும். அந்தக் குரலைக் கதைசொல்லி என்கிறோம். வேறு தொழில் செய்கிற நாயகன் இப்படி நமக்குக் கதை சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். நிருபருக்குக் கதை சொல்வதே சம்பளம் வாங்கும் வேலை.

தொலைபேசி, தட்டச்சு, தெருவில் கூவும் பையன்

பத்திரிகை அலுவலகம் சத்தம் நிறைந்த இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல தட்டச்சுப் பொறிகள் ஒரே நேரத்தில் படபடக்கும், கம்பி வழியாக வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரின்டர் தடதடக்கும், மணிகள் அலறும். இரண்டு விநாடி கேட்டாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். வக்கீல் அலுவலகத்துக்கு அப்படி ஒரு சத்தம் உண்டா?

தொலைபேசி இன்னும் பெரிய வரம். குரலின் கீழ்ச்சுருதிகளையும் மேல்சுருதிகளையும் வடிகட்டி, நடுப்பகுதியை மட்டும் அனுப்பும் அமைப்புள்ள மைக்குக்கு பில்டர் மைக் என்று பெயர். அதில் பேசினால் குரல் மெலிந்து, போன் கம்பி வழியாக வருவதுபோல் ஒலிக்கும். ஒரே அறையில் நாலடி தள்ளி நிற்கும் இரண்டு நடிகர்களில் ஒருவரை பில்டர் மைக்குக்கு அனுப்பிவிட்டால், அவர் ஊரின் மறுகோடிக்குப் போய்விடுவார். நிஜப் பத்திரிகை உலகத்திலும் அன்று இந்த ஏற்பாடு இருந்தது. களத்தில் இருக்கும் நிருபர் போனில் விவரம் சொல்ல, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் அதைச் செய்தியாக எழுதுவார். நாடக எழுத்தாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கதை நடுவில் நாயகன் போன் செய்து 'இதுவரை நடந்தது இதுதான்' என்று ஆசிரியரிடம் சொல்வார். நடுவில் வானொலியைத் திருப்பியவருக்கும் கதை புரிந்துவிடும்.

முடிவுக்குக்கூட பத்திரிகை ஒரு சத்தத்தைக் கொடுத்தது. 'தி கிரீன் ஹார்னெட்' தொடரின் கடைசியில் தெருவில் பேப்பர் விற்கும் பையன் தலைப்புச் செய்தியைக் கூவுவான். யார் பிடிபட்டார்கள், யார் தப்பினார்கள் என்பது அந்தக் கூவலிலேயே முடிந்துவிடும். முடிவுரை எழுதத் தெரியாத எழுத்தாளருக்குக்கூடக் கை கொடுத்திருப்பான் அந்தப் பையன்.

ஆக, நிருபர் வசனத்துக்கு உதவினார், அவரது அலுவலகம் சத்தத்துக்கு உதவியது, அவர் எழுதும் செய்தி முடிவுக்கு உதவியது. இனி ஆட்களைப் பார்க்கலாம்.

சில முகங்கள், அதாவது சில குரல்கள்

'பிக் டவுன்' 1937 அக்டோபரில், நாடு முழுவதும் நிலையங்களை இணைத்திருந்த சி.பி.எஸ். வானொலியில் தொடங்கியது. 'இல்லஸ்ட்ரேட்டட் பிரஸ்' என்ற கற்பனை நாளேட்டின் நிர்வாக ஆசிரியர் ஸ்டீவ் வில்சன்தான் நாயகன். நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன், சினிமாவில் ரவுடித் தலைவனாக நடித்துப் பேர் வாங்கியவர். அந்த முரட்டுக் குரல் இப்போது ரவுடிகளுக்கு எதிராகப் பேசியது. சமூகப் பக்கத்தின் ஆசிரியை லொரலை கில்போர்னாக முதலில் வந்தவர் கிளேர் டிரெவர். பத்திரிகைச் சுதந்திரத்தைத் தீப்பற்றி எரியும் வாளோடு ஒப்பிடும் ஒரு சூளுரை இந்தத் தொடரின் அடையாளமாகவே ஆனது. இன்று கேட்டால் கொஞ்சம் மேடைப் பேச்சுதான். ராபின்சன் 1942இல் விலகிய பிறகு எட்வர்ட் பாலி அந்த வேடத்தைப் பல வருடம் சுமந்தார்.

'தி கிரீன் ஹார்னெட்' அதற்கு முன்பே, 1936 ஜனவரியில், டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் தொடங்கிவிட்டது. பகலில் 'டெய்லி சென்டினல்' பத்திரிகையின் அதிபர் பிரிட் ரீட், இரவில் முகமூடி போட்டவர். போலீசும் ஊரும் அவரைக் குற்றவாளி என்றே நம்பும். தன் பத்திரிகையிலேயே தன்னைப் பிடிக்கச் சொல்லிச் செய்தி போட வேண்டிய நிலைமை அவருக்கு.

அதிகம் பேச வேண்டியவர் கிளார்க் கென்ட். சூப்பர்மேன் படக்கதையாக வந்தது 1938இல். வானொலிக்கு வந்தது 1940 பிப்ரவரி 12ஆம் தேதி. படக்கதையில் அவர் காரைத் தூக்குவதை ஒரே கட்டத்தில் வரைந்துவிடலாம். வானொலியில் காரைத் தூக்குவதை யார் பார்ப்பது? அதனால் வானொலி சூப்பர்மேன், பறப்பதைவிட அதிக நேரம் கிளார்க் கென்ட்டாக நிருபர் வேலைதான் பார்த்தார். யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பார், யாரிடமாவது விளக்கிக்கொண்டிருப்பார். ஆசிரியர் பெரி ஒயிட், இளம் உதவியாள் ஜிம்மி ஓல்சன் என்ற இரண்டு பாத்திரங்களும் முதலில் பேர் பெற்றது வானொலியில்தான், படக்கதை பின்னால் எடுத்துக்கொண்டது. என் கணக்கில் இது தற்செயல் இல்லை. படம் வரைகிறவருக்கு நாயகன் தனியாக நின்றால் போதும். வானொலிக்கு அவர் பேச இன்னொரு ஆள் வேண்டும். சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் கல்லும் 1943இல் வானொலியில்தான் முதலில் வந்தது.

கென்ட்டாகவும் சூப்பர்மேனாகவும் பேசியவர் பட் காலியர் என்ற ஒரே நடிகர். கண்ணாடியைக் கழற்றுவதையும் உடை மாற்றுவதையும் காட்ட வழியில்லை. எனவே 'இது சூப்பர்மேன் செய்ய வேண்டிய வேலை' என்ற வாக்கியத்தை கென்ட்டின் மென்மையான குரலில் தொடங்கி, நடுவிலேயே குரலைக் கீழே இறக்கி, கனத்த குரலில் முடிப்பார். ஒரே மூச்சில் ஆள் மாறிவிடுவார். வானொலி நடிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

இதே தொடரில் 1946 ஜூன் மாதம், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை மனதில் வைத்து எழுதிய பதினாறு பகுதிக் கதை ஒன்று வந்தது. சீன அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பேஸ்பால் அணியில் சேர்வதைப் பொறுக்காத முகமூடிக் கும்பல் அவன் வீட்டின் முன் சிலுவையை எரிக்கிறது. சாயங்காலம் ரேடியோ முன்னால் உட்கார்ந்த குழந்தைகளுக்குச் சொன்ன கதை இது. 'சிறுவர் சமாச்சாரம்' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

கேஸி என்ற போட்டோகிராபர் 1943இல் வந்தார். படம் எடுப்பவரை நாயகனாக வைத்து, படமே தெரியாத ஊடகத்தில் ஒரு தொடர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். 'மார்னிங் எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்காக வேலை செய்யும் கேஸியும், நிருபர் ஆன் வில்லியம்ஸும் எப்போதும் புளூ நோட் என்ற மதுக்கடையில் வந்து உட்கார்வார்கள். பின்னணியில் பியானோ. எதெல்பர்ட் என்ற பரிமாறுபவர் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பார். அவருக்கு விளக்கும் சாக்கில் வழக்கு முழுவதும் நமக்கும் விளங்கிவிடும். கேள்வி கேட்பவரே சில வாரம் பதில் சொல்பவராக மாறுகிறார், தந்திரம் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தவர் ராண்டி ஸ்டோன். 'நைட் பீட்' தொடர் 1950 பிப்ரவரியிலிருந்து 1952 செப்டம்பர் வரை, சி.பி.எஸ்.ஸின் போட்டி நிறுவனமான என்.பி.சி.யில் வந்தது. ஃபிராங்க் லவ்ஜாய் நடித்தார். 'சிகாகோ ஸ்டார்' பத்திரிகைக்காக ஸ்டோன் இரவு முழுவதும் தெருக்களில் சுற்றுவார். கொலை, கடத்தல் எல்லாம் உண்டு, ஆனால் பல வாரங்களில் கதையின் மையம் தூக்கம் வராத, தனியான, தோற்றுப்போன ஏதோ ஒரு மனிதர். ஸ்டோன் அவர்களைக் காப்பாற்றுவதைவிட அதிகமாக அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். முடிவில் தட்டச்சுப் பொறி ஓடும், செய்தி முடியும், தாளை எடுத்துக்கொண்டு போக அலுவலகப் பையனைக் கூப்பிடுவார். லவ்ஜாயின் குரலில் வீரம் கிடையாது, களைப்பு இருக்கும். மற்ற தொடர்களின் முழக்கத்துக்குப் பிறகு இது பெரிய ஆறுதல்.

செய்தியும் கதையும் ஒரே தட்டில்

இவை செய்தி ஒலிபரப்புதானோ என்ற குழப்பம் வெறும் அறியாமையால் வருவதில்லை. சில நிகழ்ச்சிகள் வேண்டுமென்றே எல்லையை அழித்தன.

'வெண்டி வாரன் அண்ட் தி நியூஸ்' 1947 முதல் 1958 வரை சி.பி.எஸ்.ஸில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. கால் மணி நேர நிகழ்ச்சி. முதலில் டக்ளஸ் எட்வர்ட்ஸ் என்ற நிஜமான செய்தியாளர் அன்றைய நிஜமான செய்திகளைப் படிப்பார். அடுத்து வெண்டி வாரன் என்ற கற்பனை நிருபர் பெண்களுக்கான செய்திகளைச் சொல்வார். விளம்பரம் முடிந்ததும் அதே வெண்டி, அதே ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்து தன் காதலையும் கவலைகளையும் பார்க்கப் போய்விடுவார், அதாவது தொடர்கதை ஆரம்பித்துவிடும். எங்கே செய்தி முடிந்தது, எங்கே கதை தொடங்கியது என்று கோடு போட முயன்றால் கை வலிக்கும். பெண் என்பதால் 'பெண்கள் செய்தி' மட்டும் அவருக்கு வந்ததையும் கவனிக்கலாம். அன்றைய நிஜப் பத்திரிகைகளில் பெரும்பாலான பெண்களுக்கு ஒதுக்கிய பக்கமும் அதுதான்.

'தி பிக் ஸ்டோரி' வேறு வழியில் போனது. 1947இல் என்.பி.சி.யில் தொடங்கிய இது, நிஜ நிருபர்கள் நிஜத்தில் துலக்கிய வழக்குகளை நாடகமாக்கியது. நிருபரின் பேரும் பத்திரிகையின் பேரும் உண்மை, மற்றவர்களின் பேர்களை மாற்றிவிடுவார்கள். நாடகம் முடிந்ததும் அந்த நிருபர் அனுப்பிய தந்தி வாசிக்கப்படும், வழக்கு கடைசியில் என்ன ஆனது என்று அதில் இருக்கும். கூடவே அவருக்கு 500 டாலர் பரிசு. தன் பேரை ஊரெல்லாம் கேட்கும்படி சொல்லி, பணமும் கொடுக்கும் நிகழ்ச்சியை எந்த நிருபர் வேண்டாமென்பார்? ஆனால் இதிலும் கேட்பது நாடகமாக்கப்பட்ட வசனம்தான், வழக்கின் பதிவு அல்ல.

1938 அக்டோபர் 30ஆம் தேதி நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் குழுவினர் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பை நாடகமாக்கியபோது, களத்திலிருந்து பேசும் வானொலி நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், முந்தைய வருடம் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது ஹெர்பர்ட் மாரிசன் என்ற நிஜ வானொலி நிருபர் கதறியபடி வர்ணித்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். நடிப்பு நிஜத்திடம் பாடம் கேட்ட இடம் அது.

பத்திரிகையும் வானொலியும் நண்பர்களா?

இல்லவே இல்லை. நிருபர் நாடகங்களை 'பத்திரிகைக்கு வானொலி செய்த மரியாதை' என்று மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை கண்ணில் படாமல் போய்விடும்.

1930களின் தொடக்கத்தில் விளம்பர வருமானம் வானொலிப் பக்கம் நகர்வதைப் பத்திரிகை முதலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தியும் அங்கே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்ற பயம். 1933 டிசம்பரில் நியூயார்க்கின் பில்ட்மோர் ஓட்டலில் வானொலி நிறுவனங்களோடு கூடிப் பேசி ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி வானொலிக்கு ஒரு நாளைக்கு இரண்டே செய்தியறிக்கை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். காலை அறிக்கை ஒன்பதரைக்குப் பிறகு, இரவு அறிக்கை ஒன்பதுக்குப் பிறகு, அதாவது ஜனங்கள் பேப்பர் வாங்கிப் படித்த பிறகு. ஒரு செய்திக்கு முப்பது வார்த்தைக்கு மேல் கூடாது, விளம்பரமும் கூடாது. இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1935இலேயே யுனைடெட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் வானொலிக்கு நேரடியாகச் செய்தி விற்கத் தொடங்கின, ஒப்பந்தம் கரைந்துபோனது.

ஆக, செய்தி தருவதில் இரண்டும் அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் வானொலி பத்திரிகைக்காரனை நாயகனாக்கியது. முரண்பாடாகத் தெரியும். ஆனால் நாடகம் தயாரித்தவர்களுக்கு இந்தச் சண்டையில் அக்கறை குறைவு, அவர்களுடைய முதலாளி வேறு.

காசு கொடுத்தவர்

அந்த முதலாளிக்கு ஸ்பான்சர் என்று பெயர். நிகழ்ச்சியின் செலவை ஏற்றுக்கொண்டு, பதிலுக்குத் தன் பொருளை அதில் விளம்பரம் செய்யும் கம்பெனி. இன்றைய தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்குப் பத்து விளம்பரம் வரும். அன்று பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஸ்பான்சர், நாடகத்தை உருவாக்குவதே பல நேரம் அவருடைய விளம்பர நிறுவனம்தான்.

ராபின்சன் காலத்து 'பிக் டவுன்' தொடரை வழங்கியது ரின்சோ சோப்புத்தூள். சூப்பர்மேனை வழங்கியது கெல்லாக்ஸின் பெப் தானிய உணவு, 'தி பிக் ஸ்டோரி'யை பால் மால் சிகரெட். கேஸியைச் சில வருடம் வழங்கியது ஆங்கர் ஹாக்கிங் என்ற கண்ணாடிப் பாத்திரக் கம்பெனி. வாரா வாரம் மதுக்கடையில் கண்ணாடிக் கோப்பை முன்னால் உட்காரும் நாயகனுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்பான்சர் அமையாது.

அன்றைய நாடக நிருபர் எதை எதிர்த்தார், எதைத் தொடவில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. சூதாட்டக் கும்பல், போலிச் சாமியார், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன், லஞ்சம் வாங்கும் நகராட்சி உறுப்பினர் எல்லாரும் வில்லன்கள். சோப்பு விற்கும் பெரிய கம்பெனி வில்லனாக வந்த கதையைத் தேடினால் நேரம்தான் வீண். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி முழங்கிய குரல், மூச்சு வாங்கும் இடைவெளியில் சலவைத்தூளைப் பற்றியும் முழங்கியது.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: இவை செய்தி அல்ல, காதுக்கென்று எழுதிய நாடகம். நிருபர் வந்தது கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்பதால். எதைக் கேட்கலாம் என்பதற்கு எல்லை வகுத்ததில் ஸ்பான்சருக்குப் பங்கு உண்டு.

நேரடியா, பதிவா?

இந்த ஒரு சந்தேகம் புதியவர்களிடம் அடிக்கடி வரும். இன்று கையில் பதிவு இருப்பதால், அன்றும் பதிவு செய்து போட்டிருப்பார்கள் என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலானவை நேரடி ஒலிபரப்புகள். என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் 1940களின் பிற்பகுதி வரை, பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தன. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருப்பதால், பல நாடகங்களை ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள். முதலில் நியூயார்க் நேயர்களுக்கு, பிறகு கலிபோர்னியா நேயர்களுக்கு. நடுவில் சாப்பிடப் போன நடிகர் திரும்பி வந்து அதே கொலையை மறுபடி கண்டுபிடிப்பார்.

பிறகு பதிவு எப்படி மிஞ்சியது? பதினாறு அங்குல அகலமுள்ள பெரிய இசைத்தட்டு ஒன்று இருந்தது, டிரான்ஸ்கிரிப்ஷன் தட்டு என்று சொல்வார்கள். ஸ்பான்சருக்குக் காட்டவும், ஆவணத்துக்காகவும், வெளிநாட்டில் இருந்த படைவீரர்களுக்கு அனுப்பவும் ஒலிபரப்பை அதில் பதிந்தார்கள். யாராவது பத்திரப்படுத்திய தட்டுகள்தான் இன்று நம்மிடம் இருப்பவை. ஆரம்பத்திலேயே தட்டில் பதிந்து, ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்ற தொடர்களும் உண்டு. ஆலன் லாட் நடித்த 'பாக்ஸ் 13' அப்படி 1948இல் வந்தது. அதன் நாயகன் டான் ஹாலிடே பத்திரிகை வேலையை விட்டுவிட்டு எழுத்தாளரானவர். கதைக்கு விஷயம் வேண்டி 'சாகசம் தேவை' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு வரும் கடிதங்களின் பின்னால் போவார். தட்டில் இருந்ததால் அதன் 52 பகுதிகளும் தப்பின.

வாரத்தில் ஐந்து நாள், பகலில் கால் மணி நேரம் வந்த தொடர்களுக்கு அந்த யோகம் இல்லை. ரிச்சர்ட் விட்மார்க் முதலில் நடித்த 'ஃப்ரன்ட் பேஜ் ஃபாரல்' 1941 முதல் 1954 வரை ஓடியது, மிஞ்சியிருப்பது சொற்பம். வீட்டு வேலைக்கு நடுவே கேட்டுவிட்டு மறக்கும் சமாச்சாரம் என்று நினைத்தோ என்னவோ, யாரும் பெரிதாக எடுத்து வைக்கவில்லை.

எதில் தொடங்கலாம்?

நேராக 'பிக் டவுன்' தொடருக்குப் போக வேண்டாம். முழக்கமும் சோப்பும் சேர்ந்து முதல் நாளே அலுத்துவிடும். 'நைட் பீட்' தொடரில் கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பகுதியை எடுங்கள், ஒவ்வொன்றும் தனிக்கதை, வரிசை தேவையில்லை. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு கேட்பது நல்லது. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் மௌனங்கள் கைநழுவிப் போகும். அமெரிக்க ஆங்கிலத்தின் வேகம் பழகும்வரை ஒரே பகுதியை இரண்டு தடவை கேட்டாலும் தப்பில்லை.

அது பிடித்தால் அடுத்து 'தி பிக் ஸ்டோரி', அதன் கடைசித் தந்திக்காகவே. பிறகு சூப்பர்மேனின் 1946ஆம் வருடக் கதையைப் பதினாறு பகுதியும் வரிசையாக. கேட்கும்போது ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: நாயகன் வாயிலிருந்து வரும் வாக்கியங்களில் எத்தனை கேள்வி என்று.